பார்த்தது போலீஸ், விளக்கியது ராணுவம்!

(மின்னியல் துறை, இறுதியாண்டு மாணவன்)



பறக்கும் தட்டு உண்டா, இல்லையா? இந்தக் கேள்வியை கேன்டீனில் போட்டால் போதும். டீ ஆறிப் போகும், பெல் அடித்துவிடும், சண்டை மட்டும் முடியாது. "வேற்றுக் கிரகத்துக்காரன் வந்தது நிஜம்டா, அமெரிக்காக்காரன் மறைச்சு வச்சிருக்கான்" என்று ஒரு கட்சி. "எல்லாம் சினிமாக்காரன் விட்ட கதை" என்று இன்னொரு கட்சி. நான் இந்த இரண்டு கட்சியிலும் உறுப்பினர் இல்லை. என் கேள்வி வேறு.

ஒருவன் வானத்தில் எதையோ பார்த்தேன் என்கிறான். அவன் குடித்துவிட்டு ரோட்டோரம் கிடந்தவன் அல்ல. டியூட்டியில் இருந்த போலீஸ்காரன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவதுதான் அவன் உத்தியோகம். அவன் சாட்சியை வைத்து ஒரு மனிதனை ஜெயிலுக்கு அனுப்பக் கோர்ட் தயங்குவதில்லை. அதே போலீஸ்காரன் வானத்தைக் காட்டி ஒன்று சொன்னால் மட்டும், எங்கோ ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் ராணுவ அதிகாரி, "தம்பி, நீ பார்த்தது அது இல்லை, இது" என்கிறார். அந்த விளக்கம் சரியா தப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெரிய அதிகாரி சொல்லிவிட்டார் என்பதாலேயே சரியாகிவிடுமா? "ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்று நம் பெரியவர்கள் சொன்னது வானத்து விஷயத்துக்கும் பொருந்துமா?

இதைத்தான் இந்தக் கட்டுரையில் உங்கள் முன் வைக்கிறேன்.

சொக்கோரோவில் ஒரு மாலை

முதலில் ஒரு சம்பவம். 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 24. அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் சொக்கோரோ என்ற சிறு ஊர். மாலை சுமார் 5.45 மணி. லோனி சமோரா என்ற போலீஸ்காரர் அதிவேகமாகப் போன ஒரு காரை விரட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று ஓர் இரைச்சல், வானத்தில் தீச்சுவாலை. அந்தப் பக்கம் வெடிமருந்துக் கொட்டகை ஒன்று இருந்ததால், அதுதான் வெடித்துவிட்டதோ என்று காரை விட்டுவிட்டு அங்கே ஓடினார். பள்ளத்தில் முட்டை வடிவத்தில் பளபளவென்று ஒரு பொருள் கால் ஊன்றி நின்றது. பக்கத்தில் வெள்ளை உடையில் இரண்டு பேர் இருந்தது போலத் தெரிந்தது. அவர் கிட்டே போனதும் அந்தப் பொருள் தீயைக் கக்கிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டது. இது அவர் கொடுத்த வாக்குமூலம். சில நிமிடங்களில் வந்து சேர்ந்த இன்னொரு போலீஸ் அதிகாரி அந்தப் பொருளைப் பார்க்கவில்லை. ஆனால் கருகிய செடிகளையும் தரையில் பதிந்த தடங்களையும் அவரும் பார்த்தார்.

அந்தக் காலத்தில் இப்படி வரும் புகார்களை எல்லாம் விசாரிக்க அமெரிக்க விமானப்படையிடம் ஒரு தனிப் பிரிவு இருந்தது. 'புராஜெக்ட் புளூ புக்' என்று பெயர். தலைமையிடம் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகருக்குப் பக்கத்தில் உள்ள ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளம். அப்போது அதன் தலைவர் ஹெக்டர் குவின்டனியா. சொக்கோரோ விஷயத்தில் இந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. ஹெலிகாப்டரா, பரிசோதனையில் இருந்த நிலவு இறங்குகலமா, பக்கத்து ஏவுகணைத் தளத்தில் ஏதாவது பறந்ததா என்று ஒவ்வொன்றாகத் துருவிப் பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் 'அடையாளம் தெரியவில்லை' என்றே பதிவு செய்தார். சமோரா நம்பத்தகுந்த மனிதர், அவர் ஏதோ ஒன்றைப் பார்த்தது உண்மை என்றும் 1966-ல் எழுதினார்.

சமோராவை ஏமாற்ற அந்த ஊர்த் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் செய்த குறும்பு அது என்று சொல்பவர்களும் உண்டு. (நம்ம ஆளுங்க எந்த நாட்டுலயும் நம்ம ஆளுங்கதான்!) ஆனால் அதுவும் இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

இதில் நான் கவனித்தது ஒன்றுதான். விசாரித்தார்கள், தெரியவில்லை, தெரியவில்லை என்றே எழுதினார்கள். ஒரு ராணுவ அதிகாரிக்கு 'தெரியவில்லை' என்று எழுதுவது சாதாரணக் காரியம் இல்லை. இதற்காக அவருக்கு ஒரு சபாஷ் போடலாம். ஆனால் அந்த சபாஷை அவர் ரொம்ப நாள் வைத்துக்கொள்ளவில்லை.

கொள்ளிவாய்ப் பிசாசு அமெரிக்காவிலும்!

1966 மார்ச். மிச்சிகன் மாநிலம். டெக்ஸ்டர் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சதுப்பு நிலத்தின் மேல் வெளிச்சங்கள் தெரிவதாகப் புகார். பார்த்தவர்களில் போலீஸ்காரர்களும் உண்டு. மறுநாள் இரவு ஹில்ஸ்டேல் என்ற ஊரில் கல்லூரி விடுதியின் ஜன்னல் வழியாக 80-க்கும் மேற்பட்ட மாணவிகள் இதேபோல வெளிச்சத்தைப் பார்த்தார்கள். நாடே பரபரத்தது.

விமானப்படையின் ஆலோசகராக இருந்த வானியல் பேராசிரியர் ஆலன் ஹைனெக் அனுப்பப்பட்டார். மார்ச் 25-ம் தேதி டெட்ராய்ட் நகரத்தில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, இந்த இரண்டு இடத்திலும் தெரிந்தது சதுப்பு நில வாயுவாக இருக்கலாம் என்றார். செடிகொடிகள் தண்ணீரில் அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகும். அது எப்போதாவது தீப்பற்றி மங்கலாக எரியும். நம் கிராமத்துப் பாட்டிகள் ஏரிக்கரையில் கொள்ளிவாய்ப் பிசாசு அலைகிறது என்று சொல்வார்களே, அந்தப் பிசாசுக்கு அறிவியல் புத்தகத்தில் இருக்கும் பெயர் இதுதான்.

விளக்கம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரே சிரித்தது. ஏன்? பார்த்தவர்கள் சொன்ன அசைவும் நிறமும் உயரமும் அந்த வாயுவோடு பொருந்துகிறதா என்று யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. வந்தார், சொன்னார், போனார். அதே மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜெரால்டு ஃபோர்டு, மக்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டும் என்று வற்புறுத்தினார். ஏப்ரல் 5-ம் தேதி நாடாளுமன்றக் குழு விசாரணையே நடந்தது.

இந்த சூடு ஆறுவதற்கு முன்பு, 12 நாளில், அடுத்த சம்பவம்.

137 கிலோமீட்டர் துரத்தல்

1966 ஏப்ரல் 17, ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை 5 மணி வாக்கில். ஒஹாயோ மாநிலம், ரவென்னா நகரத்துக்குப் பக்கம். டேல் ஸ்பார், வில்பர் நெஃப் என்ற இரண்டு துணை ஷெரீப்புகள் ரோட்டோரம் கேட்பாரற்று நின்ற ஒரு காரைச் சோதிக்க இறங்கினார்கள். அப்போது மரங்களுக்கு மேலே ஒரு பொருள் எழும்பி, தரையெல்லாம் பகல் போல வெளிச்சம் அடித்தது என்றார்கள். அதிலிருந்து ஒரு 'ம்ம்ம்' என்ற ஓசை வந்ததாம். லோடு ஏறும் டிரான்ஸ்ஃபார்மர் போடும் சத்தம் மாதிரி என்று ஸ்பார் சொன்னார். மின்னியல் மாணவனாகிய எனக்கு இந்த இடத்தில் காது நிமிர்ந்துவிட்டது!

ஒயர்லெஸ்ஸில் தகவல் சொன்னார்கள். பின்னாலேயே போகும்படி உத்தரவு. ஜீரணிக்க முடியாத வேகம், மணிக்கு 160 கிலோமீட்டர் வரை. வழியில் வேறொரு ஊர்ப் போலீஸ்காரரும் தன் காரில் சேர்ந்துகொண்டார். மாநில எல்லையையே தாண்டி, பென்சில்வேனியாவின் கான்வே என்ற ஊர் வரை ஓட்டம். சுமார் 85 மைல், அதாவது ஏறக்குறைய 137 கிலோமீட்டர். மதுரையில் கிளம்பித் திருச்சி வந்து சேருகிற தூரம். அங்கே நான்காவதாக ஒரு போலீஸ்காரர், இவர்கள் வருவதற்கு முன்பே அதைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். பிறகு அந்தப் பொருள் மேலே ஏறிப் போய்விட்டது.

இனி ராணுவத்தின் விளக்கம். நம் மேஜர் குவின்டனியாதான். ஒரு வாரத்துக்குள் முடிவு வந்தது: காவலர்கள் முதலில் பார்த்தது எக்கோ என்ற செயற்கைக்கோள், அது போனபிறகு துரத்தியது வீனஸ் கிரகத்தை. வீனஸ் என்றால் வேறொன்றுமில்லை, நம் விடிவெள்ளி.

நியாயத்தை நியாயமாகச் சொல்வோம்

"போலீஸ்காரனுக்கு விடிவெள்ளி கூடவா தெரியாது?" என்று கோபப்படுவதற்கு முன்பு கொஞ்சம் பொறுங்கள். ராணுவத்தின் பக்கமும் நியாயம் உண்டு. அதை மறைத்தால் என் கட்டுரையும் அரைகுறை விளக்கம் ஆகிவிடும்.

அந்த ஏப்ரல் மாதம் விடியற்காலைக் கிழக்கு வானத்தில் வீனஸ் உண்மையாகவே பிரகாசமாக இருந்தது. போலீஸ் கார்கள் ஓடியதும் கிழக்குப் பக்கம்தான்.

வீனஸ் துரத்துமா? கண்ணுக்குத் துரத்துகிற மாதிரியே தெரியும். ராத்திரி பஸ்ஸில் போகும்போது நிலாவைப் பாருங்கள். பனைமரம் பின்னால் ஓடுகிறது, கரண்ட் கம்பம் பின்னால் ஓடுகிறது, நிலா மட்டும் நம் கூடவே வருகிறது. காரணம் தூரம். பக்கத்தில் இருக்கும் பொருளைப் பார்க்கும் கோணம் நாம் நகர நகர மாறும். அன்று வீனஸ் இருந்தது 10 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால். அதற்கு முன்னால் 137 கிலோமீட்டர் எம்மாத்திரம்? நாம் நிறுத்தினால் அதுவும் நிற்கும். நாம் வேகம் எடுத்தால் அதுவும் எடுக்கும். ரோடு வளைந்தால் அது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாவும். மேட்டில் ஏறினால் உயரும், மரத்துக்குப் பின்னால் போனால் மறையும்.

இங்கிலாந்திலும் இதே கதை நடந்திருக்கிறது. 1967 அக்டோபர் 24-ம் தேதி விடியற்காலை டெவன் மாவட்டத்தில் இரண்டு கான்ஸ்டபிள்கள் சிலுவை வடிவில் ஒளிர்ந்த ஒன்றை மணிக்கு 90 மைல் வேகத்தில் துரத்தினார்கள். அங்கேயும் வீனஸ் என்றுதான் விளக்கம் வந்தது. அந்த மாதமும் விடியலில் வீனஸ் ஜொலித்துக்கொண்டிருந்தது என்பதும் உண்மை.

ஆக, மேஜர் சொன்னது நடக்கவே முடியாத காரியம் இல்லை. அப்படியானால் குறை எங்கே?

அளக்காமல் சொன்ன பதில்

குறை இங்கேதான். அந்த முடிவைச் சொல்வதற்கு முன் அவர் ஸ்பாரிடம் தொலைபேசியில் சுருக்கமாகப் பேசினார், அவ்வளவுதான். புளூ புக் அலுவலகமும் ரவென்னாவும் ஒரே மாநிலத்தில் இருந்தும், யாரையும் நேரில் பார்க்காமலே தீர்ப்பு எழுதப்பட்டது. சொக்கோரோவில் இருந்த பொறுமை இங்கே காணோம்.

காவலர்கள் சொன்னது என்ன? வீனஸையும் நாங்கள் தனியாகப் பார்த்தோம், இந்தப் பொருளையும் தனியாகப் பார்த்தோம் என்றார்கள். தரையில் வெளிச்சம் அடித்தது என்றார்கள். ஓசை கேட்டது என்றார்கள். விடிவெள்ளி டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி சத்தம் போடாது. இதில் காவலர்கள் தவறியிருக்கலாம். பரபரப்பில் காது ஏமாற்றியிருக்கலாம். அந்த ஓசை வேறெங்கிருந்தாவது வந்திருக்கலாம். அப்படியென்றால் அதைச் சொல்ல வேண்டும். "இந்த நிமிடத்தில் நீ இந்த இடத்தில் இருந்தாய், வீனஸ் இந்தக் கோணத்தில் இருந்தது, நீ கையைக் காட்டிய திசையும் இதுதான், ஓசைக்கு மட்டும் எங்களிடம் பதில் இல்லை" என்று சொல்லியிருந்தால் அது விளக்கம். "வீனஸ், போய் வேலையைப் பார்" என்பது விளக்கம் இல்லை, வாயை அடைப்பது.

ஒஹாயோவின் காங்கிரஸ் உறுப்பினர் வில்லியம் ஸ்டான்டன் தலையிட்ட பிறகுதான், மே மாதம் மேஜர் நேரில் வந்து விசாரித்தார். வந்தும் முடிவை மாற்றவில்லை. இதற்குள் ஊர் சிரித்துவிட்டது. நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். ஸ்பார் சில மாதங்களில் வேலையை விட்டார், குடும்பமும் சிதறியது. அவர் நிலைமை அந்த ஆண்டே பத்திரிகையில் செய்தியாக வந்தது. வானத்தில் பார்த்தது என்னவாகவோ இருக்கட்டும். தரையில் நடந்தது இது. ஒரு மனிதன் டியூட்டியில் பார்த்ததை அறிக்கையாகக் கொடுத்ததற்குக் கிடைத்த பரிசு இது.

இந்தக் கூச்சலின் விளைவாக, அதே 1966-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் எட்வர்டு காண்டன் என்ற இயற்பியலாளர் தலைமையில் தனி ஆய்வுக்கு விமானப்படை ஏற்பாடு செய்தது. இதை மேலும் ஆராய்வதால் அறிவியலுக்குப் பெரிய லாபம் இல்லை என்று அந்த ஆய்வு முடிவு சொன்னது. 1969 டிசம்பரில் புளூ புக் கடையையே மூடிவிட்டார்கள். கணக்கு: மொத்தம் வந்த புகார்கள் 12,618. அதில் அடையாளம் தெரியாமல் நின்றவை 701.

முழுப் பூசணிக்காயும் சோறும்

மக்கள் ஏன் ராணுவ விளக்கத்தை நம்ப மறுக்கிறார்கள்? மக்கள் முட்டாள்கள் என்பதாலா? இல்லை. ராணுவமே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த வரலாறு இருக்கிறது.

1947 ஜூலையில் நியூ மெக்ஸிகோவின் ராஸ்வெல் பகுதியில் ஒரு பண்ணைக்காரர் தன் நிலத்தில் கிடந்த விநோதச் சிதறல்களைப் பற்றி ஷெரீப்பிடம் சொன்னார். ஷெரீப் விமானப்படைத் தளத்துக்குச் சொன்னார். தளமே "பறக்கும் தட்டு கிடைத்தது" என்று அறிக்கை விட்டது. உடனே மேலிடம் அதை மாற்றி "வெறும் வானிலை பலூன்" என்றது. 47 வருஷம் கழித்து, 1994-ல்தான் விமானப்படை உண்மையைச் சொன்னது. பலூன்தான், ஆனால் வானிலை பலூன் இல்லை. சோவியத் நாடு அணுகுண்டு சோதனை செய்தால் அந்த ஓசையை மேல்வானத்தில் ஒட்டுக் கேட்க அனுப்பிய 'மொகல்' என்ற ரகசியத் திட்டத்தின் பலூன்.

இன்னொன்று. 1955-லிருந்து யூ-2 என்ற உளவு விமானம் பறந்தது. 60,000 அடிக்கு மேலே, அதாவது 18 கிலோமீட்டர் உயரத்தில். அந்தக் காலத்துப் பயணிகள் விமானம் 20,000 அடி தாண்டினாலே பெரிது. கீழே இருட்டிய பிறகும் அவ்வளவு உயரத்தில் வெயில் அடிக்கும். அந்த வெயில் பட்டு விமானத்தின் இறக்கை தீப்பிழம்பு போல மின்னும். பார்த்தவர்கள் புகார் கொடுத்தார்கள். புளூ புக் அதிகாரிகளுக்கு அது யூ-2 என்று தெரியும். வெளியே சொல்ல முடியாது. பனித்துகள் என்றும், காற்றின் வெப்பநிலை மாறாட்டம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். 1950-களின் பிற்பகுதியிலும் 60-களிலும் வந்த புகார்களில் பாதிக்கு மேல் இந்த மாதிரி உளவு விமானங்கள்தான் என்று 1997-ல் வெளியான சி.ஐ.ஏ.வின் கட்டுரையே சொல்கிறது.

நாட்டின் ரகசியத்தைக் காக்க வேண்டியிருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பார்த்தது சரியாகவே இருந்தும், "உன் கண்ணில் கோளாறு" என்று ஒருவனை நம்பவைத்தார்கள். பின்னால் உண்மை வெளிவந்ததும், அடுத்த தடவை ராணுவம் உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆள் இல்லை. புலி வருது கதைதான்.

லடாக்கில் வந்த அதே வீனஸ்

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 2012-ல் லடாக்கில், சீன எல்லையில் காவல் இருந்த இந்தோ-திபெத் எல்லைப் போலீஸாரும் ராணுவ வீரர்களும் வானத்தில் மஞ்சள் நிற ஒளிப்பொருட்கள் மிதப்பதாக வரிசையாக அறிக்கை அனுப்பினார்கள். ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை பதிவானவை மட்டும் 329. இதில் 155 தடவை நம் எல்லைக்குள் நுழைந்தது என்றும் குறித்தார்கள். சீனாவின் ஆளில்லா உளவு விமானமோ என்ற சந்தேகம். விளையாட்டுக் காரியம் இல்லை. 2013 ஏப்ரலில் அதே லடாக்கில் இரு நாட்டுப் படைகளும் மூன்று வாரம் எதிரெதிரே நின்றன.

ராணுவம் என்ன செய்தது? பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகளைக் கூப்பிட்டது. அவர்கள் வீரர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பார்த்த நேரம், திசை, அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரம் என்ற விவரங்களை வாங்கி, கிரகங்கள் அந்தந்த நேரத்தில் இருந்த இடத்தோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது! மாலையில் எழும்பியது வியாழன். விடியலில் வந்தது வீனஸ். அந்த உயரத்தில் காற்று மெல்லிசு, தூசி கிடையாது; கிரகங்கள் நாம் சமவெளியில் பார்ப்பதைவிடப் பளிச்சென்று தெரியும்.

பாருங்கள் நண்பர்களே! ஒஹாயோவிலும் வீனஸ், லடாக்கிலும் வீனஸ். ஒரே பதில்தான். ஆனால் ஒஹாயோ விளக்கத்தை இன்றும் பலர் ஏற்கவில்லை. லடாக் விளக்கத்தைக் கேட்டதும் மனசு ஒப்புக்கொள்கிறது. வித்தியாசம் பதிலில் இல்லை, பதில் வந்த வழியில் இருக்கிறது. லடாக்கில் பார்த்தவனின் குறிப்பையே ஆதாரமாக எடுத்துக்கொண்டு பதில் தேடினார்கள். 329 தடவையும் பார்த்ததை எழுதி வைத்தார்களே அந்த வீரர்கள், அவர்கள் எழுதியதால்தான் உண்மை கிடைத்தது. "ஏதோ நட்சத்திரம், விடு" என்று எழுதாமல் விட்டிருந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் எல்லையில் புகைந்துகொண்டிருக்கும்.

இதில் நமக்கு என்ன?

"அதெல்லாம் சரிப்பா, டிப்ளமோ படிக்கிறவனுக்கு எதுக்கு இந்த ஆகாசக் கணக்கு?" என்று கேட்கலாம். சொல்கிறேன்.

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். கட்டடத்தில் விரிசல் விழுந்தால் முதலில் கண்ணில் படுவது அவருக்குத்தான். சுவரைத் தொட்டு வேலை செய்பவர் அவர்தானே. ஒரு வேலையில், பீமுக்குப் பக்கத்தில் ஓடிய விரிசலைக் காட்டினார். வந்த இன்ஜினியர் கீழே நின்றபடியே அண்ணாந்து பார்த்து, "அது பூச்சு விரிசல், மேல பூசிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். பூச்சு விரிசலாகவே இருக்கலாம். பல தடவை அப்படித்தான் இருக்கும், அப்பாவே சொல்வார். ஆனால் ஏணியில் ஏறித் தட்டிப் பார்த்திருக்கலாம் அல்லவா? ஒரு மழைக்காலம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் விரிசல். திரும்பப் பூசிய கூலி யார் தலையில் விழுந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

ஸ்பாரின் கதையைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா தெரியவில்லை. எங்க அப்பாதான் தெரிந்தார்.

நாளைக்கு நாம் எங்கே நிற்கப் போகிறோம்? மேலே மேனேஜர், கீழே தொழிலாளி, நடுவில் சூப்பர்வைசர் என்ற பெயரில் நாம். ராத்திரி ஷிப்டில் மெஷின் பக்கத்தில் நிற்பவர்கள் நாம்தான். பேரிங் சத்தம் மாறுவதை முதலில் கேட்பதும் நாம்தான். மோட்டார் சூடேறுவதைக் கை வைத்துப் பார்ப்பதும் நாம்தான். நாம் சொல்வதை ஏ.சி. ரூமில் இருக்கும் ஒருவர் போனிலேயே "அதெல்லாம் ஒண்ணும் இல்லை" என்று தள்ளிவிடலாம். அன்று நாம்தான் அந்த ரவென்னா போலீஸ்காரர். அதே சமயம், நமக்குக் கீழே இருக்கும் ஹெல்ப்பர் ஓடிவந்து, "சார், அங்க ஏதோ புகையுது" என்று சொல்வான். அன்று நாம்தான் அந்த மேஜர்! இரண்டு நாற்காலியும் நமக்காகக் காத்திருக்கின்றன.

லேப்பிலேயே இது ஆரம்பித்துவிடுகிறது. அம்மீட்டர் 1.8 காட்டுகிறது. "தியரிப்படி 2.0 தான் வரணும், அதையே போட்டுட்டு சைன் வாங்கு மச்சி" என்று பக்கத்து பேட்ச்சிலிருந்து ஒரு குரல். 2.0 என்று எழுதினால் கையெழுத்து கிடைக்கும். 1.8 என்று எழுதிவிட்டு ஏன் குறைந்தது என்று தேடினால், ஒரு லூஸ் கனெக்ஷனோ, மீட்டரின் ஜீரோ பிழையோ கிடைக்கும். தியரியைக் காப்பாற்ற ரீடிங்கை மாற்றுவதும், விளக்கத்தைக் காப்பாற்ற சாட்சியை மறப்பதும் ஒரே காரியம்தான்.

இன்னொரு பக்கமும் எச்சரிக்கை

இதைப் படித்துவிட்டு, "அப்போ வேற்றுக் கிரகவாசி வந்தது உண்மைதான்" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். 'அடையாளம் தெரியவில்லை' என்றால் அடையாளம் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். 701 புகாருக்கு விடை இல்லை என்றால் 701 விண்கலம் வந்தது என்று பொருள் இல்லை.

பெல்ஜியத்தில் 1989 நவம்பர் 29-ம் தேதி ஆய்ப்பன் என்ற ஊருக்குப் பக்கத்தில் போலீஸார் முக்கோண வடிவில் ஒளிர்ந்த ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னார்கள். பிறகு நாடு முழுக்க அதே பேச்சு. அந்நாட்டு விமானப்படை எஃப்-16 விமானங்களை அனுப்பித் தேடியது. எங்களுக்கும் இது என்னவென்று தெரியவில்லை என்று 1990-ல் பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகவே சொன்னது. அந்த நேர்மை பெரிது. ஆனால் அந்த முக்கோணத்தின் போட்டோ என்று உலகமெல்லாம் சுற்றிய படம் எப்படிப்பட்டது தெரியுமா? நுரைப்பலகையில் செய்த பொம்மை என்று எடுத்தவரே 2011-ல் ஒப்புக்கொண்டார். 20 வருஷம் பலர் அதை நம்பினார்கள். ராணுவ விளக்கத்தைச் சோதிக்கிற அதே தராசில் நமக்குப் பிடித்த கதையையும் போட்டு நிறுக்க வேண்டும்.

2024 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பழைய விசாரணைகளை எல்லாம் திரும்பப் பார்த்து ஓர் அறிக்கை வெளியிட்டது. வேற்றுக் கிரகத் தொழில்நுட்பத்துக்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை என்கிறது அது. என் அறிவுக்கு எட்டியவரை அது சரியாகவே இருக்கும். ஆனாலும் எத்தனை பேர் நம்பினார்கள்? 1947-லேயே, 1966-லேயே நேராகப் பேசியிருந்தால் இன்று நம்ப ஆள் இருந்திருக்கும்.

முடிவாக நண்பர்களே,

எந்த விளக்கம் வந்தாலும், சொன்னவர் யாராக இருந்தாலும், மூன்று கேள்வி கேட்போம். பார்த்தவனை நேரில் கேட்டீர்களா? அவன் சொன்னதில் எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை? பொருந்தாததை மறைக்காமல் எழுதினீர்களா? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால், "விடிவெள்ளிதான்" என்ற பதிலையும் தலைவணங்கி ஏற்போம். பதில் இல்லை என்றால், சொன்னவர் தோளில் எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் பணிவோடு மறுபடியும் கேட்போம்.

கையில் சர்டிபிகேட்டோடு வெளியே போகும் நாம், நமக்குக் கீழே நிற்பவன் சொல்வதை ஏணியில் ஏறித் தட்டிப் பார்க்கும் சூப்பர்வைசர்களாக இருப்போம். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவோம். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவோம். ஏழை சொல்லும் அம்பலம் ஏறட்டும்!